டிரிப் கம்ப்யூட்டர் தப்பாகக் காட்டுகிறதா? பழைய காருக்கான பிழை நீக்கும் வழிமுறை

பெட்ரோல் செலவு, சராசரி வேகம், மீதித் தூரம் எல்லாம் திரையில் காட்டும் டிரிப் கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது மொத்தமே நான்கு சங்கதிகள்தான்: சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது, இன்ஜெக்டர் (இஞ்சினுக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் வால்வு) மொத்தம் எவ்வளவு நேரம் திறந்திருந்தது, டேங்கில் மிதவை எந்த உயரத்தில் நிற்கிறது, மணி என்ன. திரையில் வரும் எண்களில் பெரும்பாலானவை இந்த நான்கை வைத்துப் போட்ட கணக்கு. சராசரி பெட்ரோல் செலவு என்பது இன்ஜெக்டரும் சக்கரமும். சராசரி வேகம் என்பது சக்கரமும் கடிகாரமும். இன்னும் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பது மிதவையும் அண்மையில் ஆன செலவும். வெளி வெப்பநிலை மட்டும் தனி சென்சார்.

ஆகவே ஓர் எண் கெட்டுப்போனால், அதோடு சேர்ந்து வேறு எது கெட்டிருக்கிறது என்று முதலில் பாருங்கள். செலவு, வேகம், தூரம் மூன்றுமே சரியில்லை என்றால் சக்கரத்தின் பக்கம் கோளாறு. செலவு மட்டும் என்றால் இன்ஜெக்டர் பக்கம். மீதித் தூரம் மட்டும் குதிக்கிறது என்றால் மிதவை. இதைப் பார்க்காமல் ஹாஃப்கட் கடையில் (பழைய கார்ப் பாகங்கள் விற்கும் கடை) வேறொரு மீட்டர் கிளஸ்டர் (ஸ்டீயரிங்குக்குப் பின்னால் உள்ள மீட்டர் தொகுதி) வாங்கி மாட்டுவதுதான் பலரும் செய்வது. தப்பான சென்சாரிலிருந்து வரும் தப்பான கணக்கைப் புதுக் கிளஸ்டரும் அப்படியே காட்டும். போதாததற்கு, பிஎம்டபிள்யூ ஈ46 (பழைய 3 சீரிஸ் மாடல்) போன்ற கார்களில் கிளஸ்டரில் உள்ள சேசிஸ் எண்ணும் ஓடிய கிலோமீட்டரும் லைட் மாடியூலில் பதிவானதோடு ஒத்துப்போகாவிட்டால் திரையில் ஒரு புள்ளி எரியும். கார் விற்கும்போது வாங்குபவர் கண்ணில் படுவது அதுதான்.

கீழே உள்ள எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஈ46 பற்றியவை. கோலாலம்பூர் சாலைகளில் இன்னும் நிறைய ஓடுகிறது, கிளஸ்டருக்குள்ளேயே சோதனை மெனுவும் இருக்கிறது. வழிமுறை மற்றக் கார்களுக்கும் பொருந்தும்.

முதலில் உண்மைக் கணக்கை எடுங்கள்

ஒப்பிட உண்மையான எண் கையில் இல்லாமல் எதையும் திருத்த முடியாது. நம்மூரில் இதற்குப் பெரிய தடை, 30 வெள்ளிக்கும் (ரிங்கிட்) 50 வெள்ளிக்கும் பெட்ரோல் போடும் பழக்கம். அப்படிப் போட்டால் டேங்கில் ஏற்கெனவே எவ்வளவு இருந்தது என்று தெரியாது, கணக்கு நிற்காது. சில வாரத்துக்காவது முழு டேங்க் போடுங்கள். முன்பணம் கொடுக்கும் கவுன்டரில் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து மீதியை வாங்கிக்கொள்ளலாம்.

ஒரே நிலையம், முடிந்தால் ஒரே பம்ப், கார் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். நாசில் முதல் தடவை ‘டக்’ என்று நின்றதும் நிறுத்திவிடுங்கள். வெள்ளியை முழு எண்ணாக்க இன்னும் கொஞ்சம் அமுக்குவது வேண்டாம். டிரிப்பையும் சராசரிச் செலவையும் அப்போதே சுழியாக்கி, அடுத்த மூன்று டேங்க் வரை தொடாமல் விடுங்கள். ரசீதில் லிட்டர் இருக்கும், பத்திரப்படுத்துங்கள்.

ஏன் மூன்று? நாசில் நிற்கும் இடம் தடவைக்குத் தடவை ஒன்றிரண்டு லிட்டர் மாறும். ஒரே டேங்கில் 45 லிட்டருக்கு ஒன்றிரண்டு லிட்டர் என்பது 2 முதல் 4 விழுக்காடு பிழை. மூன்று டேங்க் சேர்த்தால் இடையில் உள்ள நிரப்பல்களின் பிழை ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். முதல் நிரப்பலும் கடைசி நிரப்பலும் மட்டுமே மிஞ்சும். பிழை ஒரு விழுக்காட்டை ஒட்டி இறங்கிவிடும்.

தூரத்துக்கு நெடுஞ்சாலைக் கிலோமீட்டர் பலகைகள் போதும். இதிலும் டிரிப்பைச் சுழியாக்க வேண்டும் என்பதால் மூன்று டேங்க் கணக்குக்கு முன்போ பின்போ செய்யுங்கள். பிளஸ் நெடுஞ்சாலையில் 100 மீட்டருக்கு ஒன்று இருக்கிறது. சுங்கைபீசியிலிருந்து சிரம்பான் பக்கம் போனால் எண் குறைந்துகொண்டே வரும். ஒரு பலகையில் டிரிப்பைச் சுழியாக்கி, 20 கிலோமீட்டர் தள்ளி உள்ள பலகையில் பாருங்கள். 20.0 முதல் 20.2 வரை வந்தால் கவலை இல்லை. 20.6 வந்தால் 3 விழுக்காடு கூடுதலாக எண்ணுகிறது. பட்டனைப் பயணியாக உட்கார்ந்திருப்பவர் அமுக்கட்டும்.

சராசரிச் செலவு எப்போதும் ஒரே அளவில் கூடவோ குறையவோ காட்டுகிறது

அதிகமாக வரும் புகார் இது. இங்கே ஒரு தந்திரம் உண்டு: 100 கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர் என்ற எண்ணை நேரடியாக ஒப்பிடாதீர்கள். லிட்டரை லிட்டரோடு ஒப்பிடுங்கள்.

மூன்று ரசீதுகள் 44.1, 46.8, 43.5 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 134.4. ஓடோமீட்டரில் 1,222 கிலோமீட்டர். கம்ப்யூட்டர் காட்டும் சராசரி 10.2. கம்ப்யூட்டர் கணக்குப்படி செலவான பெட்ரோல் 10.2 × 12.22 = 124.6 லிட்டர். பம்ப் கொடுத்தது 134.4. வித்தியாசம் 8 விழுக்காட்டுக்குக் கொஞ்சம் கீழே. இந்த ஒப்பீட்டில் தூரம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போவதால் டயர் பிழை இதில் கலக்காது. வெளியே வருவது இன்ஜெக்டர் பக்கத்துப் பிழை மட்டும். டயர் பிழை எவ்வளவு என்பதைக் கிலோமீட்டர் பலகை தனியாகச் சொல்லிவிட்டது. இரண்டையும் குழப்பிக்கொண்டு ஒரே எண்ணால் திருத்தப் போவதுதான் பலருக்கும் மறுபடி மறுபடி தப்பாக வருவதற்குக் காரணம்.

டயர் பக்கம் கோளாறு என்றால்: ஈ46-இன் 205/55/16 டயரின் விட்டம் 631.9 மில்லிமீட்டர். 225/45/17 போட்டால் 634.3. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று, மீட்டருக்குத் தெரியாது. ஆனால் மலிவாகக் கிடைத்தது என்று 225/40/17 போட்டால் 611.8 ஆகிவிடும். சக்கரம் சின்னது, சுற்று அதிகம், கார் ஓடாத கிலோமீட்டரை மீட்டர் எண்ணும். 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் குடிக்கும் கார் 9.7 என்று காட்டும். உரிமையாளர் சந்தோஷப்படுவார். டயர் தேய்வதும் இதே திசையில் இழுக்கும்: புதிதில் 8 மில்லிமீட்டர் இருந்து 1.6-க்குத் தேய்ந்தால் விட்டம் ஏறக்குறைய 2 விழுக்காடு குறைகிறது. இதற்குச் சரியான அளவு டயர் போடுவதுதான் தீர்வு.

இன்ஜெக்டர் பக்கம் என்றால், திருத்த எண்ணை (கம்ப்யூட்டரின் செலவுக் கணக்கைக் கூட்டிக் குறைக்கும் எண்) தொடும் முன் பெட்ரோல் அழுத்தத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டர் இன்ஜெக்டர் திறந்திருந்த நேரத்தை, நொடிக்கு இவ்வளவு பாயும் என்ற நிலையான எண்ணால் பெருக்குகிறது. அந்த நிலையான எண் சரியான அழுத்தத்தை நம்பி வைத்தது. ஈ46-இல் வரும் எம்54 என்ற இஞ்சினுக்கு அந்த அழுத்தம் 3.5 பார். டேங்கில் உள்ள பெட்ரோல் பம்ப் களைத்தோ ஃபில்டர் அடைத்தோ அழுத்தம் 3.0 பாருக்கு இறங்கினால், பாயும் அளவு அழுத்தத்தின் வர்க்கமூலப்படி 7 விழுக்காடு குறையும். இஞ்சின் கம்ப்யூட்டர் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, குறைவை ஈடுகட்ட இன்ஜெக்டரை 8 விழுக்காடு கூடுதல் நேரம் திறக்கும். உண்மையில் செலவான பெட்ரோல் மாறவில்லை, ஆனால் டிரிப் கம்ப்யூட்டர் 8 விழுக்காடு கூடுதல் எண்ணும். அழுத்தம் அதிகமானால் தலைகீழ்: திரையில் குறைவு, நிலையத்துப் பம்பில் கூடுதல். இன்ஜெக்டர் அடைத்திருந்தாலும் வேறு இஞ்சினின் இன்ஜெக்டர் மாட்டியிருந்தாலும் இதே கதை.

எம்54-இல் பெட்ரோல் ரெயிலில் ஒரு மூடிக்குள் டயர் வால்வு போன்ற ஒன்று இருக்கும். அழுத்தமானியை அதில் மாட்டிப் பார்க்கலாம். மாட்டும்போது கொஞ்சம் பெட்ரோல் பீய்ச்சும். இஞ்சின் ஆறியிருக்க வேண்டும், துணி சுற்றிப் பிடிக்க வேண்டும். ஸ்கேனரில் நீண்டகால ஃபியூல் டிரிம்மையும் (இன்ஜெக்டர் நேரத்தை இஞ்சின் கம்ப்யூட்டர் எத்தனை விழுக்காடு கூட்டிக் குறைத்திருக்கிறது என்பது) பாருங்கள். கூட்டலோ கழித்தலோ 5-க்குள் இருந்தால் நல்லது. 10-ஐத் தாண்டினால் திருத்த எண்ணைத் தொடவே கூடாது, முதலில் பழுதைத் தேடுங்கள்.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். இன்டேக் ரப்பர் வெடித்துக் காற்று கசிந்தாலும் ஆக்சிஜன் சென்சார் கிழடு தட்டினாலும் கார் உண்மையிலேயே அதிகம் குடிக்கும். கம்ப்யூட்டரும் அதைச் சரியாகவே காட்டும். பம்ப் கணக்கும் திரைக் கணக்கும் சேர்ந்து ஏறினால் மீட்டரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

எல்லாம் சரியாக இருந்தும் வித்தியாசம் நிற்கிறதா? அப்போதுதான் திருத்த எண். ஈ46-இல் இது சோதனை மெனுவின் 20-ஆம் இலக்கத்தில் இருக்கிறது, தொழிற்சாலை மதிப்பு 1000.

1. டிரிப் மீட்டரைச் சுழியாக்கும் பட்டனை அமுக்கிப் பிடித்தபடி சாவியை முதல் நிலைக்குத் திருப்புங்கள். ‘டெஸ்ட்’ என்று வரும்வரை விடாதீர்கள்.
2. தட்டித் தட்டி 19-க்குப் போங்கள். பூட்டு நிலை ‘ஆன்’, ‘ஆஃப்’ என்று மாறி மாறி வரும். ‘ஆஃப்’ வரும்போது தட்டினால் மெனு திறக்கும்.
3. 20-க்குப் போங்கள். இலக்கங்கள் தாமே மாறிக்கொண்டிருக்கும். வேண்டியது வரும்போது தட்டுங்கள்.
4. புதிய எண் = பழைய எண் × பம்ப் லிட்டர் ÷ கம்ப்யூட்டர் லிட்டர். மேலே உள்ள கணக்குக்கு 1000 × 134.4 ÷ 124.6, அதாவது 1079.

பழைய எண் 1000 ஆகவே இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முன்னாள் உரிமையாளர் யாராவது கை வைத்திருக்கலாம். முதலில் இருந்ததைக் குறித்துக்கொள்ளுங்கள். 21-ஆம் சோதனை கிளஸ்டரை மறுதொடக்கம் செய்வது, அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. வேறு கார்களில் இந்த எண் இருக்கும் இடம் வேறு, சிலவற்றில் ஸ்கேனர் வழியாக மட்டுமே மாற்ற முடியும், பல பழைய ஜப்பானிய, உள்நாட்டுக் கார்களில் மாற்ற வழியே கிடையாது. அப்படியென்றால் திரை எத்தனை விழுக்காடு தள்ளிக் காட்டுகிறது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு ஓட்டுவதுதான்.

இதுவரை சரியாக இருந்தது; திடீரென்று பம்பில் அதிகம் போகிறது, திரை மாறவில்லை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். கம்ப்யூட்டருக்கு இன்ஜெக்டர் வழியாகப் போகும் பெட்ரோல் மட்டும்தான் தெரியும். குழாயில், ரெயிலில், டேங்கின் மேல்மூடியில் கசிவது அதன் கணக்கில் வராது. இரவு நிறுத்திவிட்டுக் காலையில் கதவைத் திறக்கும்போது வாடை அடிக்கிறதா, முழு டேங்க் போட்டதும் பின்சீட்டுப் பக்கம் வாடை கூடுகிறதா, இஞ்சின் மேல் ரெயிலை ஒட்டி ஈரமும் அழுக்குக் கறையும் இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் கண்ணில் பட்டால் ஸ்டார்ட் செய்யாமல் ஆளை வரவழையுங்கள். வாடை இல்லை, ஈரம் இல்லை, ஆனால் பெட்ரோல் குறைகிறது என்றால் யாராவது உறிஞ்சுகிறார்களா என்றும் பார்க்க வேண்டியதுதான்.

சராசரி ஒரே எண்ணில் நின்றுவிட்டது, அல்லது தாறுமாறாக ஓடுகிறது

நின்றுவிட்டது என்று தோன்றுவது பெரும்பாலும் வெறும் கணக்கு. கடைசியாகச் சுழியாக்கி 5,000 கிலோமீட்டர் ஆகியிருந்து சராசரி 11.0 என்றால், அடுத்த 100 கிலோமீட்டரை 8.0-இல் ஓட்டினாலும் எண் 10.9-க்குத்தான் இறங்கும். சுழியாக்கிய உடனே 20, 25 என்று காட்டுவதும் கோளாறு அல்ல: குளிர்ந்த இஞ்சின், கைவிரல் எண்ணும் தூரம்.

கிலோமீட்டர்/லிட்டர் காட்டும் கார்களில் இன்னொரு குழப்பம். போகும்போது 10, வரும்போது 15 என்றால் சராசரி 12.5 என்று எதிர்பார்ப்பார்கள். ஒரே தூரத்துக்கு விடை 12. கம்ப்யூட்டர் சரி, மனக்கணக்குத்தான் தப்பு.

தாறுமாறாக ஓடினால் வேக சமிக்ஞையைப் பாருங்கள். ஓடும்போது ஸ்பீடோமீட்டர் முள் துடிக்கிறதா? ஏபிஎஸ் விளக்கு எட்டிப் பார்க்கிறதா? ஈ46-இல் வேகம் பின்சக்கர ஏபிஎஸ் சென்சாரிலிருந்து வருகிறது. பல பழைய ஜப்பானிய வழிக் கார்களில் கியர்பாக்ஸ் மேல் தனி சென்சார், பிளாஸ்டிக் பற்சக்கரத்தால் சுற்றுவது. பல் தேய்ந்தால் கிலோமீட்டர் குறைவாக எண்ணும், செலவு அதிகமாகத் தெரியும். இணைப்பியைக் கழற்றிப் பச்சை பூத்திருக்கிறதா, கியர் எண்ணெய் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். சுத்தம் செய்தாலே பல கார்கள் சரியாகிவிடும்.

கண நேரச் செலவைச் சோதிக்க காராக் நெடுஞ்சாலை இறக்கம் நல்ல இடம். கியரில் இருக்க, காலை எடுத்தால் இன்ஜெக்டர் அடைபட்டு எண் 0-க்கு வர வேண்டும். வராவிட்டால் திராட்டில் முழுதாக மூடவில்லை, அல்லது அதன் சென்சார் மூடியதாகச் சொல்லவில்லை. இதற்காகக் கியரை நியூட்ரலில் போட்டு இறங்காதீர்கள்; அப்போது இஞ்சின் ஐட்லிங்குக்குப் பெட்ரோல் குடிக்கும், பிரேக்கும் சூடாகும்.

மீதித் தூரம் குதிக்கிறது, அல்லது 60 கிலோமீட்டர் இருக்கும்போதே கார் நின்றுவிட்டது

எது இயல்பு என்று முதலில் பிரிப்போம். கெந்திங் மலை ஏறும்போது மீதித் தூரம் மளமளவென்று குறைவதும் இறங்கும்போது கூடுவதும் இயல்பு. அடுக்குமாடியின் சரிவுப் பாதையில் நிறுத்தி எடுத்தால் மாறுவதும் இயல்பு. 10 வெள்ளிக்குப் போட்டு எண் ஏறவில்லை என்பதும் இயல்பே: பெட்ரோல் அலையடிப்பதைக் கண்டுகொள்ளாமல் இருக்க மிதவையின் சிறு மாற்றங்களைக் கிளஸ்டர் மெதுவாகத்தான் ஏற்கும். சாவியை அணைக்காமல் நிரப்பினாலும் அப்படித்தான் மெதுவாக ஏறும்.

பெட்ரோல் ஒரே மட்டத்தில் வரும்போது மட்டும் முள் விழுந்து எழுந்தால் மிதவையின் தடம் (அதன் கை உரசி நகரும் மின்தடைப் பட்டை) தேய்ந்திருக்கிறது. எப்போதும் கால் டேங்கில் ஓடும் கார்களில் தடத்தின் கீழ்ப்பகுதிதான் முதலில் போகும்.

ஈ46-இன் 63 லிட்டர் டேங்க் புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரு பக்கமும் தொங்கும் சேணப் பை மாதிரி. வலப்பக்கம் பம்பும் ஒரு மிதவையும், இடப்பக்கம் இன்னொரு மிதவை. இடப்பக்கப் பெட்ரோலை வலப்பக்கம் கொண்டுவருவது, திரும்பி வரும் பெட்ரோலின் ஓட்டத்தால் இயங்கும் உறிஞ்சு குழாய். சோதனை மெனுவின் 6-ஆம் இலக்கத்தில் இரண்டு பக்கமும் தனித்தனியாக லிட்டரில் தெரியும். இடப்பக்கம் முதலில் காலியாக வேண்டும். வலப்பக்கம் இறங்கிக்கொண்டே போக, இடப்பக்கம் 15 லிட்டரில் அசையாமல் நின்றால் உறிஞ்சு குழாய் வேலை செய்யவில்லை. கம்ப்யூட்டர் இரண்டையும் கூட்டி இன்னும் 100 கிலோமீட்டருக்கு மேல் ஓடும் என்று சொல்லும், பம்புக்கோ ஒன்றும் எட்டாது. எண் நிற்காமல் குதித்தால் அந்தப் பக்கத்து மிதவை.

மிதவையைக் கழற்றும் வேலையைத் திறந்த வெளியில் செய்யுங்கள். அடுக்குமாடியின் அடித்தளக் கார் நிறுத்துமிடம் கூடவே கூடாது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையில் தேங்கி நிற்கும். டேங்க் கால் அளவுக்குக் கீழே இருக்கட்டும். பேட்டரியின் நெகடிவ்வைக் கழற்றி, தீயணைப்பான் ஒன்றைக் கையெட்டும் தூரத்தில் வையுங்கள். பின்சீட்டின் அடிப்பலகையைத் தூக்கி, தகட்டு மூடியை எடுத்ததும் உள்ளே பல வருஷத் தூசி படிந்திருக்கும். திறப்பதற்கு முன் தூரிகையாலும் ஈரத்துணியாலும் துடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் அத்தனை மணலும் டேங்குக்குள் விழும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டினால் பொறி பறக்கும். பித்தளைக் கம்பியோ கட்டையோ வைத்துத் தட்டுங்கள்.

வெளியே எடுத்த மிதவையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் மாட்டி, மிதவையின் கையை அடியிலிருந்து மேலே மிக மெதுவாக நகர்த்துங்கள். எண் ஒரே சீராக மாற வேண்டும். ஓரிடத்தில் அறுந்து, அடுத்து மீண்டும் வந்தால் அந்த இடம்தான் தேய்ந்தது. முள் வைத்த பழைய மீட்டர் இருந்தால் அதையே எடுங்கள், அறுபடுவது கண்ணுக்குத் தெரியும். திரும்ப மாட்டும்போது ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். பழையது ஊறிப் பெருத்துவிடும், உட்காராது.

சராசரி வேகம் ரொம்பக் குறைவு

30 கிலோமீட்டரை 40 நிமிடத்தில் ஓட்டினால் மணிக்கு 45. வழியில் பிரிக்பீல்ட்ஸில் இஞ்சினை அணைக்காமல் 20 நிமிடம் காத்திருந்தால் 30. அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டர் முள்ளோடு ஒப்பிடவும் கூடாது. ஐநா விதி 39-இன்படி முள் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டக் கூடாது. 10 விழுக்காடும் அதோடு மணிக்கு 4 கிலோமீட்டரும் வரை கூட்டிக் காட்டலாம். கைப்பேசியின் ஜிபிஎஸ் வேகத்தோடு ஒப்பிடுங்கள்.

ஸ்டார்ட் செய்தால் எல்லாம் சுழியாகிறது, கடிகாரமும் போகிறது

பேட்டரி. ஸ்டார்ட்டர் சுற்றும்போது பேட்டரி முனையில் 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் மாற்றுங்கள். நம்மூர் வெயிலில் இரண்டு வருஷம் ஓடினாலே அதிர்ஷ்டம். பேட்டரி நன்றாக இருந்தும் சுழியானால் எர்த் வயரின் முனையைச் சுரண்டி இறுக்குங்கள், அடுத்து கிளஸ்டருக்கு நிரந்தர மின்சாரம் தரும் ஃபியூஸ்.

என்ஜிவி (இயற்கை எரிவாயு) போட்ட கார்

மலேசியாவில் என்ஜிவி விற்பனை 2025 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதற்கு முன் காஸில் ஓடிய கார்களில், காஸில் ஓடும்போதும் இஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் இன்ஜெக்டருக்குக் கட்டளை போட்டுக்கொண்டுதான் இருந்தது. எமுலேட்டர் என்ற இடைக்கருவி அதை வாங்கி வைத்துக்கொண்டது. திரையில் பெட்ரோல் செலவானது, டேங்கில் குறையவில்லை. சரிசெய்ய வழியில்லை, காஸுக்குத் தனிக் கணக்குத்தான் வைக்க வேண்டியிருந்தது.

வெளி வெப்பநிலை −40, அல்லது ஜாமில் 41

−40 என்றால் சென்சார் வயர் அறுந்திருக்கிறது அல்லது இணைப்பி கழன்றிருக்கிறது. முன் பம்பர் இடிபட்டுப் பெயின்ட் அடித்த கார்களில் பட்டறையில் மாட்ட மறந்திருப்பார்கள். சென்சாரைக் கழற்றி உள்ளங்கையில் பொத்திப் பிடித்து ஓம் பாருங்கள். சூடு ஏற ஏற எண் குறைய வேண்டும், அசையாவிட்டால் மாற்றுங்கள். கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் 40-ஐத் தாண்டுவது தார்ச்சாலை, ரேடியேட்டர் இரண்டின் சூடும் பம்பருக்கடியில் சேர்வதால். மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் சில நிமிடம் ஓடியதும் 33 டிகிரிக்குப் பக்கம் இறங்கினால் சென்சார் நன்றாகவே இருக்கிறது.